கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்துடன் பார்க்கப் படம் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் எந்த ஓடிடி தளத்தைத் திறந்தாலும் சிவப்பும் பச்சையுமான சுவரொட்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. பனி, அலங்கரித்த மரம், சிரித்த முகங்கள் என்று எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றுவதால், கிறிஸ்துமஸ் படம் என்றாலே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத்தக்க படம்தான் என்று புதிதாகத் தேடுகிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதே வரிசையில்தான் உடையற்ற காட்சிகள் கொண்ட 'லவ் ஆக்சுவலி'யும் (2003), துப்பாக்கிச் சண்டையாலேயே நகரும் 'டை ஹார்ட்'டும் (1988) இருக்கின்றன. அமெரிக்காவில் பல தலைமுறைகளாகக் கிறிஸ்துமஸ் இரவின் படமாகப் போற்றப்படுவதோ, உயிரை விட்டுவிடும் எண்ணத்தோடு பாலத்தின்மேல் வந்து நிற்கும் ஒருவரின் கதை. ஆகவே, சுவரொட்டியையும் தணிக்கைச் சான்றையும் மட்டும் நம்பாமல், ஒரு படத்தில் உங்கள் வீட்டாருக்கு இடறக்கூடிய ஓரிரு காட்சிகள் எவை என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். அதற்காகச் சில கதைத் திருப்பங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதால், படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றவர் மட்டும் இதைப் படிப்பது நல்லது.

முதலில், பார்க்கப்போகிறவர்கள் யார்?

பார்க்கப்போகிறவர்களில் மிக இளையவரின் வயதையும் மிக மூத்தவரின் மொழியையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் பொருந்திவிட்டால், நடுவில் உள்ளவர்கள் எப்படியாவது இணங்கிப்போவார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில், அரை மணி நேரத்தைத் தாண்டி ஓடும் எதுவும் பாதியில் கலைந்துவிடக்கூடும் என்று கணக்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பானது. ஆங்கில வசனத்தைப் பின்தொடர இயலாத தாத்தாவோ பாட்டியோ இருந்தால், வாய்ப்பேச்சையே நம்பியிருக்கும் நகைச்சுவைப் படங்களில் எல்லோரும் சிரிக்கும்போது அவர்கள் மட்டும் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

அந்த ஆண்டில் குடும்பத்தில் யாரையேனும் இழந்திருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் படங்களில் தாயற்ற பிள்ளைகளும் மனைவியை இழந்த முதியவர்களும் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம். கதையை எழுதுபவர்களுக்கு, பண்டிகை நாளில் காலியாகக் கிடக்கும் ஒரு நாற்காலியைப் போல உடனே மனத்தைத் தொடுவது வேறெதுவும் இல்லை போலும். துக்கம் ஆறாத வீட்டில் அத்தகைய படத்தை வைக்கவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு அது ஆறுதலாகவும் அமையும். ஆனால் அந்தக் காட்சி வரப்போகிறது என்பது படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவை உண்மையென்று நம்பும் குழந்தை கூட்டத்தில் உண்டா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் கேரல் பாடுவோருடன் முகமூடி அணிந்து ஆடிக்கொண்டு வரும் தாத்தா அடுத்த தெரு அண்ணன்தான் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏறக்குறையத் தெரிந்தே இருக்கும். புகைபோக்கி இல்லாத வீடுகளில் அந்த நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றுவதும் இல்லை. லண்டனிலோ டொரொன்ரோவிலோ வளரும் பிள்ளைகளின் நிலை வேறு. அங்கே பள்ளி முழுவதும் அந்த நம்பிக்கையைக் காத்து வளர்க்கிறது. விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வந்து மாமா, சித்தப்பா பிள்ளைகளோடு சேர்ந்து படம் பார்க்கும்போது, திரையில் வரும் ஒரே ஒரு வசனம் அந்த இரகசியத்தைப் போட்டு உடைத்துவிடலாம். எந்தெந்தப் படங்களில் அந்த ஆபத்து இருக்கிறது என்பதைக் கீழே குறிப்பிட்டிருக்கிறேன்.

எந்த வகைக் கதை வேண்டும்?

கிறிஸ்துமஸ் படங்கள் என்று அழைக்கப்படுபவற்றை ஏறத்தாழ மூன்றாகப் பிரிக்கலாம். இயேசுவின் பிறப்பைச் சொல்பவை ஒரு வகை. கிறிஸ்துமஸ் தாத்தா, பரிசுகள், வடதுருவம் என்னும் கற்பனை உலகைக் காட்டுபவை இன்னொரு வகை. கிறிஸ்துமஸ் காலத்தைப் பின்னணியாகக் கொண்டு, பிரிந்தவர் கூடுவதையோ கல்நெஞ்சர் திருந்துவதையோ சொல்பவை மூன்றாம் வகை. புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் வகைகளைச் சேர்ந்தவை. குடில் கட்டி, விண்மீன் தொங்கவிட்டு, ஆராதனைக்குச் செல்லும் வீட்டில், கிறிஸ்துமஸ் படம் பார்க்கலாம் என்று பெரியவர்களை அழைத்து உட்காரவைத்துவிட்டு, இயேசுவின் பெயரே வராத ஒரு படத்தை ஓடவிட்டால் அவர்கள் ஏமாற்றம் அடைவது இயல்பே. எந்த வகை என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

பிறப்பின் கதையையே பார்க்க விரும்புவோருக்கு 'தி நேட்டிவிட்டி ஸ்டோரி' (2006) ஏற்றது. வத்திக்கானில் முதற்காட்சி நடைபெற்ற முதல் முழுநீளக் கதைப்படம் இதுவே. நாசரேத்தின் வறுமை, வரிச்சுமை, மரியா மீது ஊரார் கொள்ளும் ஐயம் ஆகியவற்றை நிதானமாகக் காட்டும் இப்படம், ஏரோது மன்னன் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்ல ஆணையிடும் பகுதியோடுதான் தொடங்குகிறது. சிறு குழந்தைகள் இருந்தால் அந்தத் தொடக்கத்தைத் தாண்டிவிட்டு ஓடவிடலாம். கதை புரிவதில் குறையொன்றும் நேராது. 1979-இல் வெளிவந்த 'ஜீசஸ்' லூக்கா நற்செய்தியை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைப்பதால் பாட்டிமாருக்கு மிகவும் வசதியானது. ஆயினும் அது பிறப்பில் தொடங்கிச் சிலுவை மரணம், உயிர்ப்பு வரை செல்லும் படம் என்பதால், கிறிஸ்துமஸ் அன்று முதற்பகுதியை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம்.

மிகச் சுருக்கமாக வேண்டுமெனில், 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலில் ஒளிபரப்பான 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' என்ற கார்ட்டூன் படத்துக்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை. இருபத்தைந்து நிமிடமே ஓடும் அதில், விளம்பரமும் விற்பனையும் பண்டிகையை விழுங்கிவிட்டதாக மனம் சோரும் சிறுவன் ஒருவன், கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறான். அவனுடைய நண்பன் மேடையின் நடுவில் நின்று, லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து இடையர்களுக்கு வானதூதர் அறிவித்த பகுதியை அப்படியே ஒப்பிக்கிறான். பின்னணிச் சிரிப்பொலி எதுவும் இல்லாமல், உண்மையான சிறுவர்களின் குரல்களால் பேசப்பட்ட அந்தப் படத்தின் அமைதி, இன்றைய அனிமேஷன் படங்களின் இரைச்சலுக்குப் பழகிய பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் சற்று விந்தையாக இருக்கலாம்.

சான்றிதழ் எவ்வளவு சொல்லும்?

இந்தியாவில் ஓடிடி தளங்கள் 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று தம் படங்களை வகைப்படுத்துகின்றன. திரையரங்கப் படங்களுக்கும் இதே போன்ற வயதுப் பிரிவுகள் 2024-ஆம் ஆண்டின் விதிகளில் வந்துள்ளன. அமெரிக்கப் படங்களில் ஜி (எல்லோருக்கும்), பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு), பிஜி-13 (பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளோருக்குப் பெற்றோரின் கூடுதல் கவனம் தேவை), ஆர் (சிறுவர் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது) என்ற குறிகளைக் காண்பீர்கள். ஆர் என்றோ ஏ என்றோ இருந்தால் குடும்பக் கூட்டத்துக்கு உதவாது என்று உடனே ஒதுக்கிவிடலாம். 'லவ் ஆக்சுவலி', 'டை ஹார்ட்', 'பேட் சான்டா' ஆகியவை அப்படி ஒதுங்குபவை. சிக்கல் எல்லாம் பிஜி என்ற நடுப்பிரிவில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1984-இல் வெளிவந்த 'கிரெம்லின்ஸ்' கிறிஸ்துமஸ் பரிசாக வரும் ஒரு செல்லப் பிராணியின் கதை. அது பிஜி சான்று பெற்றது. படத்தின் நடுவில் அந்தப் பிராணியிலிருந்து தோன்றும் குட்டிப் பூதங்கள் ஊரையே சூறையாடுவதும், அவற்றுள் ஒன்று சமையலறை மிக்சியில் அரைபடுவதும் கண்டு பெற்றோர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு சாகசப் படத்தின் மீதும் அதே புகார் எழவே, இடையில் ஒரு படி தேவை என்று கருதிப் பிஜி-13 என்ற பிரிவை அந்த ஆண்டிலேயே உருவாக்கினார்கள். ஆகவே 1984-க்கு முந்தைய படங்களில் பிஜி என்ற குறி இன்று நாம் நினைப்பதைவிடப் பரந்த பொருள் கொண்டது. 'கிரெம்லின்ஸ்' பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தன் தந்தை இறந்த விதத்தை ஒரு பெண் விவரிக்கும் காட்சியில், கிறிஸ்துமஸ் தாத்தா என்று ஒருவர் இல்லை என்பதை அவர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். பெயரைக் கேட்டு ஏமாந்து இதைச் சிறுவர்களுக்குப் போட்டுவிட வேண்டாம்.

சான்றிதழ் காலத்தின் மனநிலையையும் சேர்த்தே காட்டுகிறது. 1947-இல் வந்த 'மிரக்கிள் ஆன் தர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்' படத்தில் கதாநாயகி மணவிலக்குப் பெற்றவர் என்பதைக் காரணமாகக் காட்டி, அன்றைய அமெரிக்கக் கத்தோலிக்க ஒழுக்கக் குழு அதை ஓரளவு ஆட்சேபத்துக்குரியது என்று வகைப்படுத்தியது. இன்று அதைப் பார்க்கும் எவருக்கும் அந்த ஆட்சேபம் விளங்கவே விளங்காது. எனவே சான்றிதழை ஒரு வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைப் பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலோ, காமன் சென்ஸ் மீடியாவிலோ, ஐஎம்டிபி தளத்தில் பெற்றோருக்கான பகுதியிலோ தேடிப்பாருங்கள். எந்த இடத்தில் அடிதடி, எந்த இடத்தில் அச்சம், எங்கே தகாத சொல் என்று இவற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். பத்து நிமிட வேலைதான்.

காட்சி காட்சியாகச் சில படங்கள்

புதிதாகத் தொடங்குவோருக்கு நான் பரிந்துரைக்கும் வாசல் சார்லஸ் டிக்கன்ஸின் கதைதான். 1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் வெளியான 'எ கிறிஸ்துமஸ் கேரல்' என்ற அந்தச் சிறு நூல், எபநேசர் ஸ்க்ரூஜ் என்ற கருமி கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தன் பழைய கூட்டாளியின் ஆவியையும், அதன்பின் மூன்று ஆவிகளையும் சந்தித்து மனம் மாறுவதைச் சொல்கிறது. ஒரே கதை வெவ்வேறு நீளத்திலும் வெவ்வேறு அளவு அச்சத்தோடும் திரும்பத் திரும்பப் படமாகியிருப்பதால், உங்கள் வீட்டாருக்கு ஏற்ற வடிவத்தை அளந்து எடுத்துக்கொள்ள முடியும்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு 1983-இல் டிஸ்னி எடுத்த 'மிக்கீஸ் கிறிஸ்துமஸ் கேரல்' போதும். இருபத்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்திருந்தால் 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்' (1992) மிகப் பொருத்தமானது. பொம்மைகளுக்கு நடுவே மைக்கேல் கெய்ன், தம்மைச் சுற்றி இருப்பவை பொம்மைகள் என்ற நினைவே இல்லாதவர் போல, ஒரு நாடக மேடையில் நடிக்கும் தீவிரத்தோடு ஸ்க்ரூஜாக நடித்திருக்கிறார். படத்தின் வெற்றியே அதில்தான் இருக்கிறது. கதைசொல்லியாக வரும் பொம்மையும் அதன் எலித் தோழனும், எதிர்காலத்தைக் காட்டும் மூன்றாம் ஆவி வரும் இடத்தில், இது மிகவும் பயமாக இருக்கிறது, முடிவில் சந்திப்போம் என்று சொல்லி ஓடிவிடுகின்றன. அந்த இடம்தான் குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ள உங்களுக்கான குறிப்பு. நோயுற்ற சிறுவன் டிம் இறந்துபோவதாக வரும் பகுதியும் அதையடுத்தே வருகிறது. அது ஸ்க்ரூஜ் மாறினால் நடக்காமல் போகக்கூடிய எதிர்காலம் என்பதைப் பிள்ளைகளுக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ராபர்ட் செமெக்கிஸ் 2009-இல் எடுத்த வடிவமும் டிஸ்னி நிறுவனத்தினுடையதுதான்; அதனால் அதுவும் குழந்தைகளுக்குரியது என்று நினைப்பது எளிது. உண்மையில் அதில் கூட்டாளி மார்லியின் ஆவி வரும் காட்சி, தாடை கழன்று தொங்கும் அளவுக்குக் கொடூரமாக அமைக்கப்பட்டிருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்பு வெள்ளைப் படங்களில் பழகிய பெரியவர்களுக்கு 1951-இல் அலஸ்டர் சிம் நடித்த பிரிட்டிஷ் படம் இன்றும் நிறைவளிக்கும். கருமியின் மனம் இளகிய பிறகு அவர் போடும் கும்மாளத்துக்காகவே அதைப் பார்க்கலாம்.

'ஹோம் அலோன்' (1990) பெரும்பாலானோர் அறிந்தது. பாரிசுக்குப் பயணமாகும் பெரிய குடும்பம், எட்டு வயதுப் பையனை வீட்டிலேயே மறந்துவிட்டுச் செல்கிறது. அவன் இரு திருடர்களை விரட்டியடிக்கிறான். பிற்பாதி முழுவதும் வழுக்கி விழுவதும் அடிபடுவதும்தான் என்பதால் மொழி தெரியாதவர்களும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் கவனம் தேவை. இஸ்திரிப் பெட்டி முகத்தில் விழுவது, ஆணி காலில் ஏறுவது, தலைமுடி தீப்பற்றுவது ஆகியவற்றை வேடிக்கையாகப் பார்க்கும் ஆறு வயதுப் பையன் மறுநாள் தம்பியிடம் சோதித்துப் பார்க்கக்கூடும். நிஜத்தில் இப்படி அடிபட்டால் மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும் என்று படம் முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. மகனோடு பேசாமல் இருக்கும் பக்கத்து வீட்டு முதியவரைச் சிறுவன் தேவாலயத்தில் சந்தித்துப் பேசும் காட்சி, சண்டைக் காட்சிகளுக்கு முன்பாக வருகிறது. குடும்பத்தில் பேச்சுவார்த்தை அறுந்துபோன உறவு எதுவும் இருந்தால் அந்த ஐந்து நிமிடம் அறையில் ஒரு கனத்தை உண்டாக்கும். கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பொறுத்தவரை இப்படத்தில் ஆபத்தில்லை: வேடமணிந்த ஆளிடம், நீங்கள் உண்மையான தாத்தா அல்ல, அவரிடம் வேலை செய்பவர் என்று எனக்குத் தெரியும் என்று பையனே சொல்லிவிடுகிறான்.

'எல்ஃப்' (2003) அப்படி முழுப் பாதுகாப்பானது அல்ல. வடதுருவத்தில் வளர்ந்த ஒரு மனிதர் தந்தையைத் தேடி நியூயார்க் வரும் இந்த நகைச்சுவைப் படம் ஒன்பது, பத்து வயதினருக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதன் முற்பகுதியிலேயே, பரிசுகளை வைப்பது பெற்றோர்தான் என்று ஒரு வதந்தி உலவுவதாக ஒரு வசனம் வருகிறது. அதை மறுக்கத்தான் அந்த வசனம் என்றாலும், கூர்மையான குழந்தை பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன 1947-ஆம் ஆண்டுப் படமோ அந்த ஐயத்தையே கதையாக்கியது: கிறிஸ்துமஸ் தாத்தா என்று சொல்லிக்கொள்ளும் முதியவர் உண்மையானவரா என்று நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அந்த முதியவராக நடித்த எட்மண்ட் க்வென் துணை நடிகருக்கான ஆஸ்கர் பெற்றார். ஐயம் அரும்பத் தொடங்கிவிட்ட பிள்ளையோடு சேர்ந்து பார்த்து, பார்த்தபின் பேசுவதற்கு இதைவிட நாகரிகமான படம் கிடைப்பது அரிது. முழுமையாக நம்பும் நான்கு வயதுக் குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம்.

இனி, பாலத்தின்மேல் நிற்கும் மனிதருக்கு வருவோம். ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) வெளியானபோது எதிர்பார்த்த வசூலைப் பெறவில்லை. அதன் பதிப்புரிமையை 1974-இல் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால், தொலைக்காட்சி நிலையங்கள் எந்தக் கட்டணமும் இன்றி ஆண்டுதோறும் டிசம்பரில் அதை ஒளிபரப்பலாயின. அப்படித்தான் அது வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் படமாயிற்று. சிற்றூரில் சிறு கடன் நிறுவனம் நடத்திப் பிறருக்காகவே வாழ்ந்த ஜார்ஜ் பெய்லி, தன் தவறில்லாமல் நேர்ந்த பண இழப்பால் நொறுங்கிப்போய், தான் பிறக்காமலேயே இருந்திருக்கலாம் என்று எண்ணுகிறார். அவர் பிறக்கவில்லை என்றால் அந்த ஊர் எப்படி ஆகியிருக்கும் என்று ஒரு வானதூதர் காட்டுகிறார். நல்ல படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டு மணி பத்து நிமிடம் ஓடும் இதில் முதல் பாதிக்கு மேல் ஜார்ஜின் வாழ்க்கை வரலாறுதான்; கிறிஸ்துமஸ் இறுதிப் பகுதியில்தான் வருகிறது. மனம் கலங்கிய மருந்துக்கடைக்காரர் சிறுவன் ஜார்ஜைக் காதில் இரத்தம் வரும்படி அறையும் காட்சி தொடக்கத்திலேயே உண்டு. கடன் தொல்லையாலோ தற்கொலையாலோ அடிபட்ட குடும்பத்தில் முன்னறிவிப்பின்றி இதைப் போடக் கூடாது. பதின்ம வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் மட்டும் இருக்கும் ஓய்வான மாலையே இதற்குரிய நேரம்.

அனிமேஷன் படங்களில் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த செர்ஹியோ பாப்லோஸ் இயக்கிய 'கிளௌஸ்' (2019) சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சோம்பேறியான தபால்காரர் ஒருவர், இரு குலங்கள் ஓயாமல் அடித்துக்கொள்ளும் பனித்தீவுக்கு அனுப்பப்படுகிறார். காட்டில் தனியே வாழும் பொம்மை செய்யும் முதியவருடன் அவர் சேர்வதிலிருந்து தாத்தாவின் கதை எப்படிப் பிறந்தது என்று படம் சொல்கிறது. முதியவர் மனைவியை இழந்தவர் என்பதும், முடிவு இனிமையோடு சற்றுக் கண்ணீரையும் வரவழைக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அவ்வளவு உருக்கம் வேண்டாம் என்றால், ஒரே ஒரு குழந்தையின் பரிசு விடுபட்டுப்போனதால் நேரும் ஓட்டத்தைச் சொல்லும் 'ஆர்தர் கிறிஸ்துமஸ்' (2011) எல்லா வயதுக்கும் பொருந்தும். 'தி போலார் எக்ஸ்பிரஸ்' (2004) ஜி சான்று பெற்றிருந்தாலும், அதன் பாத்திரங்களின் கண்கள் உயிரற்றிருப்பதாகப் பலரும் எழுதினார்கள். சில குழந்தைகளுக்கு அது அச்சமூட்டும், சிலர் ரயிலைப் பார்ப்பதிலேயே மயங்கிக் கிடப்பார்கள். முன்னோட்டத்தைக் குழந்தையிடம் காட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மொழியும் ஒலியும்

ஒரு படத்துக்குத் தமிழ் டப்பிங் இருக்கிறதா என்பதை, படத்தின் பக்கத்தில் உள்ள ஒலி மொழிகளின் பட்டியலில் நீங்கள் பார்க்கப்போகும் அதே கணக்கில், அதே தொலைக்காட்சியில் சரிபார்க்க வேண்டும். ஒரு நாட்டில் கிடைக்கும் ஒலி மொழி இன்னொரு நாட்டில் கிடைக்காமல் போகலாம். சென்ற ஆண்டு இருந்த படமே இந்த ஆண்டு வேறு தளத்துக்கு மாறியிருக்கலாம். பாடல்கள் நிறைந்த படமென்றால் பாடல்களும் தமிழில் இருக்கின்றனவா என்று ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் கண் மங்கிய பெரியவருக்கும் சப்டைட்டில் பயன்படாது என்பதால், அவர்களுக்காகச் சப்டைட்டிலோடு படம் போடுவதில் பொருளில்லை.

இந்தச் சிக்கலுக்கு நேர்த்தியான தீர்வு, பேச்சே இல்லாத படங்கள்தாம். ரேமண்ட் பிரிக்ஸின் படநூலிலிருந்து உருவாகி 1982-இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய 'தி ஸ்னோமேன்' இருபத்தாறு நிமிடம் ஓடுகிறது. ஒரு பாடலைத் தவிர அதில் யாரும் வாய் திறப்பதில்லை. சிறுவன் செய்த பனிமனிதன் இரவில் உயிர்பெற்று அவனை வானில் தூக்கிச் செல்கிறான், காலையில் உருகிப்போகிறான். அந்த முடிவைக் கண்டு அழும் குழந்தைகள் உண்டு, எனவே மடி தயாராக இருக்கட்டும். சோகமே வேண்டாம் என்போருக்கு, ஷான் என்ற ஆட்டுக்குட்டியின் கிறிஸ்துமஸ் சாகசமாக ஆர்ட்மன் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அரை மணி நேரப் படம் இருக்கிறது. அதிலும் மனிதர்கள் முணுமுணுப்பார்களே தவிர, எந்த மொழியிலும் பேசுவதில்லை. மூன்று தலைமுறை ஒன்றாக உட்காரும் வீட்டில் முதலில் இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எப்போது பார்ப்பது?

நீண்ட படத்தை 24-ஆம் தேதி மாலைக்கு வைக்காதீர்கள். அன்று அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருக்கும், கேக் ஆறிக்கொண்டிருக்கும், புதுத்துணிக்கு இஸ்திரி போட வேண்டியிருக்கும். நள்ளிரவு ஆராதனைக்குச் செல்லும் வீடுகளில் பிள்ளைகளை முன்னிரவில் சற்றுத் தூங்கவைக்கவும் வேண்டும். அரை மணி நேரத்துக்குள் முடியும் குறும்படத்துக்கே அந்த மாலையில் இடமுண்டு. 25-ஆம் தேதி மதிய விருந்துக்குப் பிறகு பெரியவர்கள் உறங்கி எழுந்ததும், மாலை ஐந்து மணி அளவில், ஒன்றரை மணி நேரப் படம் இயல்பாகப் பொருந்தும். 26-ஆம் தேதி, 2004 ஆழிப்பேரலையில் உறவினரை இழந்த கடலோரக் குடும்பங்களுக்கு நினைவு நாள். அங்கே விருந்தாளியாக இருப்பவர் படம் பற்றிய பேச்சைத் தாமாக எடுக்காமல் இருப்பதே பண்பு.

படத்தை முந்தைய நாளே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், பண்டிகை நாளின் இணைய நெரிசலில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேராது. முதல் பத்து நிமிடத்தையாவது நீங்கள் தனியே பார்த்திருக்க வேண்டும். மேலே சொன்னது போன்ற இடறும் காட்சி இருந்தால் அது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, பாட்டி, பெற்றோர், ஆறு வயதும் பன்னிரண்டு வயதுமான பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் திட்டமிட்டால், 24-ஆம் தேதி மாலை 'தி ஸ்னோமேன்', 25-ஆம் தேதி மாலை மப்பெட் பொம்மைகளின் ஸ்க்ரூஜ் கதை என்று வைப்பேன். பாட்டிக்குக் கதையை முன்னதாகவே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். கல்லூரிப் பிள்ளைகள் மட்டுமே உள்ள வீட்டில், 1914-இல் போர்முனையில் ஜெர்மானிய, பிரெஞ்சு, பிரிட்டிஷ் வீரர்கள் கிறிஸ்துமஸ் இரவில் துப்பாக்கியைக் கீழே வைத்ததைக் காட்டும் பிரெஞ்சுப் படமான 'ஜுவாயூ நொயெல்' (2005), அல்லது வீடற்ற மூவர் குப்பையில் ஒரு பச்சைக் குழந்தையைக் கண்டெடுக்கும் ஜப்பானிய அனிமேஷனான 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003) இரண்டுமே நீண்ட பேச்சுக்கு வழிவிடும். 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்று வாதாடும் இளைஞர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். சிறுவர்கள் உறங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து, அவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் குழந்தை நடுவில் பயந்தாலோ பெரியவர் எழுந்து சென்றாலோ, படத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதியைப் பார்க்க விரும்புவோர் இரவில் தனியே பார்த்துக்கொள்வார்கள்.